மோதல்தான் ஆட்டமே, அதில் எது தேவையற்றது?

அமெரிக்கப் பள்ளிக் கால்பந்தை முதன்முதலாகப் பார்க்கப் போகும் நம் ஆட்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இருபத்திரண்டு பையன்கள் ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு முழு வேகத்தில் ஒருவர்மேல் ஒருவர் பாய்கிறார்கள். கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. அப்புறம் திடீரென்று வரிச்சட்டைக்காரர் ஒருவர் மஞ்சள் கொடியை வீசுகிறார், ‘தேவையற்ற முரட்டுத்தனம்’ என்று 15 யார்டு தண்டனை விழுகிறது. அப்படியானால் இவ்வளவு நேரம் நடந்ததெல்லாம் தேவையான முரட்டுத்தனமா?

ஆமாம், அதேதான். எந்த மோதல் ஆட்டத்துக்குத் தேவை, எது தேவையில்லை என்று ஒரு நொடிக்குள் பிரித்துச் சொல்வதுதான் எங்கள் வேலையில் பெரும்பகுதி.

நான் வட கரோலினாவில் இருக்கிறேன். பகலில் கணினி வேலை. மகன் பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசித்ததால் வெள்ளிக்கிழமை இரவென்றால் மைதானமே கதி என்று ஆகிவிட்டது. இடைவேளையில் பேண்ட் இறங்கும்வரை ஆட்டத்தைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்? பார்க்கப் பார்க்க, ஆட்டத்தைவிட விதிகள் எனக்குப் பிடித்துப்போயின. உள்ளூர் நடுவர் சங்கத்தின் கோடைகால வகுப்பில் சேர்ந்து, நடுநிலைப் பள்ளி ஆட்டங்களில் தொடங்கி, இப்போது ஐந்து பேர் கொண்ட குழுவில் லைன் ஜட்ஜாக நிற்கிறேன். அதாவது பக்கக் கோட்டில், ஒரு அணியின் கோச்சுக்குக் கை எட்டும் தூரத்தில். திட்டு முதலில் வந்து சேரும் இடமும் அதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தொலைக்காட்சியில் பார்க்கும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். விதி வேறு, கல்லூரி ஆட்டங்களுக்கான என்.சி.ஏ.ஏ. விதி வேறு, பள்ளி விதி வேறு. பள்ளிகளுக்கான விதிப்புத்தகத்தை இண்டியானாபொலிஸில் இருக்கும் என்.எஃப்.எச்.எஸ். என்ற கூட்டமைப்பு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் அதைத்தான் பின்பற்றுகின்றன. டெக்சாஸில் மட்டும் பொதுப் பள்ளிகள் கல்லூரி விதிப்படி ஆடுகின்றன. அங்கிருந்து இங்கே குடிவந்த அப்பாக்கள் பக்கக் கோட்டோரம் வந்து எங்களுக்கு விதி சொல்லிக்கொடுப்பது வாடிக்கை. பாவம், அவர்கள் சொல்வது அவர்கள் ஊரில் சரிதான்.

வித்தியாசம் சின்னதில்லை. என்.எஃப்.எல்.லில் தடுக்கும் அணி இப்படிக் குற்றம் செய்தால் எதிரணிக்குத் தானாகவே முதல் டவுன், அதாவது 10 யார்டு முன்னேறப் புதிதாக நான்கு வாய்ப்புகள், கிடைத்துவிடும். பள்ளி ஆட்டத்தில் அப்படிக் கிடையாது. பந்தை எறிபவன், உதைப்பவன், உதைப்பதற்காகப் பந்தைப் பிடித்துக்கொடுப்பவன், பந்தைப் பின்னால் அனுப்பும் ஸ்னாப்பர் ஆகியோர்மீது முரட்டுத்தனமாக விழுந்தால் மட்டுமே முதல் டவுன் தானாக வரும். மற்றபடி 15 யார்டுதான். அந்த 15 யார்டு முதல் டவுனுக்கான எல்லையைத் தாண்டினால் சரி, இல்லாவிட்டால் இல்லை. கல்லூரியில் ‘டார்கெட்டிங்’ (தலை, கழுத்தைக் குறிவைத்துத் தாக்குவது) என்று முடிவானால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும், அதைப் பார்த்து முடிவுசெய்ய வீடியோவும் உண்டு. இங்கே அது 15 யார்டு குற்றம். மிகக் கொடூரமாக இருந்தால்தான் வெளியேற்றம். வீடியோவும் கிடையாது. மாநிலங்கள் விரும்பினால் லீக் சுற்று முடிந்த பிந்தைய ஆட்டங்களில் மட்டும் பயன்படுத்தலாம் என்று 2019இல் அனுமதி வந்தது. சாதாரண வெள்ளிக்கிழமையில் உங்கள் கண்தான் வீடியோ.

விதிப்புத்தகத்தில் ஒன்பதாம் விதி, நான்காம் பிரிவு. உதைப்பது, முழங்காலால் இடிப்பது, கீழே கிடப்பவன்மேல் குவிவது, முகக் கம்பியைப் பிடித்துத் திருகுவது, கழுத்துப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துச் சாய்ப்பது என்று ஒரு வரிசை இருக்கும். இவற்றில் சிக்கலே இல்லை. முகக் கம்பியைப் பட்டும் படாமலும் பிடித்து விட்டால் 5 யார்டு, திருகினாலோ இழுத்தாலோ 15. கழுத்துப் பட்டையைப் பிடித்தால் மட்டும் போதாது, பிடித்து இழுத்துக் கீழே விழவைத்தால்தான் குற்றம். இதையெல்லாம் யாரும் மனப்பாடம் செய்துவிடலாம்.

சிக்கல் அதே வரிசையில் வரும் இன்னொரு வாசகத்தில் இருக்கிறது: தேவையற்றதாகவோ அளவுக்கு மீறியதாகவோ கருதப்படுகிற, முரட்டுத்தனத்தைத் தூண்டுகிற எந்த மோதலும் குற்றம். யாரால் கருதப்படும்? உங்களால்தான். விதிப்புத்தகம் அங்கே கையைக் கழுவிவிட்டு உங்கள் பக்கம் தள்ளிவிடுகிறது.

புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில் சத்தத்தை நம்புகிறார்கள். கவசத்தோடு கவசம் மோதும் சத்தம் பெரிதாக இருந்தால் கை தானாகவே இடுப்புக் கொடிக்குப் போகும். ஆனால் ஓடிவரும் ஒருவனை நேருக்கு நேர் நின்று, தலையை ஒதுக்கி, தோளை வயிற்றில் கொடுத்து, இரண்டு கையாலும் வளைத்துச் சாய்க்கும் சுத்தமான டேக்கிள்தான் மைதானத்திலேயே அதிகச் சத்தம் போடும். அம்மாக்கள் வீறிடுவார்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. மாறாக, ஆட்டம் முடிந்துபோன மூலையில் முதுகைக் காட்டி நிற்பவனை முழங்கையால் ஒரு தள்ளு தள்ளினால் சத்தமே வராது. அதற்குத்தான் கொடி வேண்டும்.

அதனால் மோதலின் வேகத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த மோதல் எதற்காக நடந்தது என்று பார்க்கிறேன். பந்து வைத்திருப்பவனை நிறுத்தவா, அவனுக்கு வழி செய்துகொடுக்கவா, அல்லது எதிரில் இருப்பவனுக்கு வலிக்கவேண்டும் என்பதற்காக மட்டுமா? மனசுக்குள் புகுந்து பார்க்க முடியாதுதான். கால்களைப் பார்க்கலாம். அது போதும்.

பக்கக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். என் இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓடிவருகிறவன் கோட்டை மிதித்துவிட்டான், ஆட்டம் செத்துவிட்டது. துரத்திவந்தவன் அவனை இடிக்கிறான். குற்றமா? ‘கோட்டுக்கு வெளியே இடித்தால் குற்றம்’ என்று பார்வையாளர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இரண்டு பேரும் முழு வேகத்தில் வந்து, கோட்டுக்கு உள்ளேயே தொட்டு, உருண்டு நாற்காலிகள்வரை போனாலும் அது ஆட்டம்தான். கபடியில் ரெய்டரைப் பிடித்தவர்கள் இழுத்த வேகத்தில் கோட்டைத் தாண்டி விழுவதில்லையா, அதைப் போல. ஓடியவன் கால் கோட்டைத் தொட்டபோது துரத்தியவன் எங்கே இருந்தான் என்பதே முதல் கேள்வி. ஏற்கனவே பாய்ந்து அந்தரத்தில் இருந்தவனால் நிறுத்த முடியாது. இரண்டு மூன்று எட்டு தள்ளி இருந்தவனுக்கு நிறுத்த நேரம் இருந்தது.

அடுத்தது, அந்த நேரத்தை அவன் என்ன செய்தான் என்பது. பெரும்பாலான பையன்கள் வேகத்தைக் குறைப்பார்கள். குதிகாலை ஊன்றுவார்கள், கையை விரித்து எதிரில் இருப்பவனைத் தாங்கிக்கொள்வார்கள். இடி விழுந்தாலும் அது தவிர்க்கப் பார்த்த இடி. இன்னொருவன் அதே இடத்தில் ஒரு எட்டு கூட்டி எடுத்துவைப்பான், தோளைத் தாழ்த்துவான். அந்தக் கூடுதல் எட்டைப் பார்த்துவிட்டால் எனக்கு வேறு சாட்சி வேண்டாம். கொடி.

இதைப் பார்க்க வேண்டுமானால் கண் சரியான இடத்தில் இருக்கவேண்டும். ஓடியவன் வெளியேறியதும் எங்கே கோட்டை மிதித்தான் என்று குனிந்து தரையைப் பார்க்கும் ஆசை எல்லா நடுவர்களுக்கும் வரும். பார்க்கக் கூடாது. அந்த இடத்தில் உங்கள் காலை ஊன்றிக்கொண்டு, கையைத் தூக்கி விசில் ஊதி, முகத்தை பெஞ்ச் பக்கம் திருப்புங்கள். பந்து எங்கும் ஓடிவிடாது. எதிரணியின் பெஞ்சுக்குள் தனியாக விழுந்து கிடக்கும் பதினாறு வயதுப் பையன் எழுந்து மைதானத்துக்குள் வரும்வரை அவன்தான் உங்கள் பொறுப்பு. சண்டைகள் ஆரம்பிப்பது பெரும்பாலும் அங்கேதான். விசிலுக்குப் பிறகு மூன்று நொடி பார்ப்பவர் நல்ல நடுவர் என்று எங்கள் குழுவில் வெள்ளைத் தொப்பி போடும் தலைமை நடுவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் சொல்வார். ஆட்கள் சலித்துக்கொள்வார்கள், அவர் விடமாட்டார்.

பள்ளி விதியில் இன்னொரு விசேஷம் உண்டு. பந்து வைத்திருப்பவன் தானாக வழுக்கி விழுந்து முழங்கால் தரையைத் தொட்டாலே பந்து செத்துவிடும், யாரும் அவனைத் தொடவேண்டியதில்லை. என்.எஃப்.எல்.லில் எதிராளி தொடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் அதைப் பார்த்து வளரும் பையன்கள் வெள்ளிக்கிழமை இங்கே கீழே கிடப்பவன்மேல் போய் விழுகிறார்கள். சந்தேகத்துக்கு ஒரு கையால் தொட்டுவிட்டுப் போகிறவனை விட்டுவிடலாம். உடம்பு முழுவதையும் தூக்கிப் போடுகிறவனை விடமுடியாது. சீசன் தொடக்கத்து ஆட்டங்களில் இது அடிக்கடி வரும். முதல் தடவை மெதுவாகத் தொடும்போதே, “தம்பி, இங்கே தொடவேண்டியதில்லை, அவன் விழுந்தாலே முடிந்தது” என்று காதில் போட்டுவிட்டால் பாதி கொடி மிச்சம்.

இனி எல்லோரையும் கோபப்படுத்தும் ஒன்று. அன்றைக்கு அந்தப் பள்ளியில் பழைய மாணவர்கள் கூடும் ஹோம்கமிங் ஆட்டம். மைதானம் நிரம்பி வழிகிறது. உள்ளூர் அணி தன் 30 யார்டு கோட்டருகே எதிரணி எறிந்த பந்தைப் பறித்துவிட்டது. பறித்தவன் எதிர்ப்பக்கக் கோட்டோரமாகப் பறக்கிறான். அவனைப் பார்க்க அங்கே ஆள் இருக்கிறது, என் வேலை பின்னால் நடப்பதைப் பார்ப்பது. மைதானத்தின் நடுக்கோட்டுப் பக்கம் எதிரணியின் முன்வரிசையில் நிற்கும் கனத்த லைன்மேன் ஒருவன், தலையைத் திருப்பி ஓடுகிறவனைப் பார்த்தபடியே மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறான். பிடிக்கவே முடியாது என்று அவனுக்கும் தெரியும். உள்ளூர் அணியின் 54ஆம் எண் எதிர்த்திசையில் வந்து, கையை மார்போடு மடக்கிக்கொண்டு தோளால் ஓர் இடி. லைன்மேன் மல்லாந்துவிட்டான். அந்த நேரத்தில் பந்து 20 யார்டுக்கு மேல் முன்னால் போயிருந்தது.

கூட்டம் இரண்டு தடவை கத்தியது. இடிக்கு ஒரு தடவை, பந்து கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் ஆனதற்கு ஒரு தடவை. கொடி கிடப்பதைப் பார்த்ததும் மூன்றாவது தடவை கத்தியது வேறு மாதிரி.

டச்டவுன் ரத்து. பந்து வைத்திருக்கும் அணி, ஓட்டம் முடிந்த இடத்துக்குப் பின்னால் குற்றம் செய்தால் குற்றம் நடந்த இடத்திலிருந்து தண்டனை. எனவே நடுக்கோட்டிலிருந்து 15 யார்டு பின்னால், உள்ளூர் அணியின் 35இல் பந்து. அந்த அணியின் கோச் என் பக்கத்தில்தான் நின்றார். “முன்னாலிருந்துதானே அடித்தான்! முதுகில் அடித்தானா?” என்றார். நியாயமான கேள்வி, பழைய விதி அப்படித்தான் இருந்தது. முன்பக்கமிருந்து மார்பில் விழும் பிளாக்கை (தன் அணிக்காரன் ஓட வழிசெய்ய எதிராளியை மறித்து இடிப்பதை) ‘கண்ணைத் திறந்து ஓடு’ என்று பையனுக்கே பாடமாக விட்டுவிடுவார்கள். 2017இல் அது மாறியது. வருவதைப் பார்க்காதவன்மேல் விழும் பிளாக், பலமாக இருந்து, விரித்த கைகளால் தொடங்காவிட்டால் குற்றம். அவனைக் கையால் மறித்து நின்றிருந்தால் போதும். சொல்லப்போனால் மறிக்காமலேயே இருந்திருந்தாலும் டச்டவுன்தான்.

அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “கோச், எதிராளி பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். 54 தோளால் போனான், கை திறக்கவில்லை.” அவர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். அதற்கு மேல் பேசவில்லை. அந்தப் பையனை அழைத்துக் கையை விரித்துக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

கோச்சிடம் பேசும் முறை தனி வித்தை. ‘பார்க்க மோசமாக இருந்தது’, ‘அநாவசியம்’, ‘வேண்டுமென்றே செய்தான்’ என்று எதையும் சொல்லக் கூடாது. அதெல்லாம் உங்கள் கருத்து. கருத்துக்கு எதிர்க்கருத்து வரும், வாக்குவாதம் நீளும். பார்த்ததைச் சொல்லுங்கள்: யார், எந்த எண், பந்து எங்கே இருந்தது, உடம்பின் எந்தப் பகுதி எங்கே பட்டது. இரண்டு வாக்கியம். எண் தெரியாமல் கொடி வீசினால் உங்கள் பேச்சு எடுபடாது. ‘பச்சை ஜெர்சிக்காரர் ஒருவர்’ என்று போய் நின்றால் வெள்ளைத் தொப்பியே உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

எண்ணைப் பிடிப்பதற்கும் முழுச் செயலைப் பார்ப்பதற்கும் ஒரே வழி நிதானம். ஒரு செயலைப் பாதியிலிருந்து பார்த்தால் எதுவுமே குற்றமாகத்தான் தெரியும். ஒருவன் தள்ளுவது கண்ணில் படும், அதற்கு முன் அடுத்தவன் என்ன செய்தான் என்பது தெரியாது. ஒருவன் மேல் ஒருவன் விழுவான். பின்னாலிருந்து மூன்றாமவன் அவனைத் தள்ளிவிட்டதால் விழுந்திருப்பான். குவியலில் கடைசியாக வந்து விழுபவனைப் பற்றி முடிவுசெய்யும்முன், அவன் வந்தானா, வந்துசேரவைக்கப்பட்டானா என்று பாருங்கள். கொடியை அரை நொடி தாமதமாக வீசியதற்காக யாரும் திட்டமாட்டார்கள்.

பந்து உயிரோடு இருந்ததா, செத்திருந்ததா என்பதையும் அதே மூச்சில் முடிவுசெய்ய வேண்டும். ஏனென்றால் கணக்கே மாறிவிடும். நான்காம் டவுன், இன்னும் 10 யார்டு வேண்டும் என்று வையுங்கள். ஓடியவன் 8 யார்டில் சாய்க்கப்படுகிறான். அவன் சாயும்முன், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, தடுக்கும் அணியில் ஒருவன் வேறெங்கோ முரட்டுத்தனம் செய்திருந்தால் அந்தத் தண்டனை டவுனைச் சேர்ந்தது. பந்து தாக்கும் அணியிடமே தங்கும். அதே ஆள் அதே இடியை விசிலுக்கு ஒரு நொடி பின்னால் கொடுத்திருந்தால்? டவுன் முடிந்துவிட்டது, பந்து கைமாறிவிட்டது. தடுத்த அணியே 15 யார்டு பின்னால் போய் பந்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். இடிபட்ட பையனின் அப்பாவுக்கு இது அநியாயமாகத் தெரியும். எனக்கும் சில இரவுகளில் அப்படித்தான் தோன்றும். ஆனால் விதி தெளிவு, அதனால் கொடி வீசும்போதே வாய்க்குள் ‘உயிர்’ அல்லது ‘செத்தது’ என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. கூடி நின்று பேசும்போது வெள்ளைத் தொப்பி முதலில் கேட்பது அதைத்தான்.

பந்தை எறியும் குவார்ட்டர்பேக் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பந்து கையை விட்டுப் போய்விட்டது என்று தெளிவாகத் தெரிந்த பிறகு, தடுக்க வருபவன் தவிர்க்க உண்மையான முயற்சி எடுக்கவேண்டும் என்கிறது விதி. ‘ஒரு எட்டு வரை சரி, இரண்டாவது எட்டு குற்றம்’ என்று மைதானத்தில் எல்லோரும் சொல்வார்கள். பள்ளி விதிப்புத்தகத்தில் எட்டுக் கணக்கு எதுவும் இல்லை. எறிந்து முடித்தவன் இரண்டு காலும் நிலைக்காமல் பந்தையே பார்த்து நிற்பான், தற்காப்பே இல்லாத நிலை அது. முயற்சி எடுத்தானா என்று மட்டும் பாருங்கள். அது வெள்ளைத் தொப்பியின் வேலை, நான் பக்கத்திலிருந்து ஊகிப்பதில்லை.

தலை விஷயம் மட்டும் வேறு. அங்கே நான் எதற்காக, எப்படி என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. 1976இல் பள்ளி, கல்லூரி இரண்டு அமைப்புகளும் தலையை முன்கொடுத்து மோதுவதைத் தடைசெய்தன. ஹெல்மெட்டின் உச்சியால் குத்தும் பழக்கத்தில் கழுத்தெலும்பு முறிந்து கைகால் விளங்காமல் போன பையன்கள் அதற்குமுன் நிறைய. தடைக்குப் பிறகு அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. இதில் இடிப்பவனுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பதைப் பையன்களிடம் சொன்னால் கொஞ்சம் உறைக்கிறது; ‘எதிராளிக்கு அடிபடும்’ என்றால் அவ்வளவாக உறைப்பதில்லை. வயது அப்படி. 2014இல் குறிபார்த்துத் தோளுக்கு மேலே தாக்குவதும் தனிக் குற்றமாக எழுதப்பட்டது. ஹெல்மெட், முன்கை, முழங்கை, தோள் எதனால் தாக்கினாலும். தோளுக்கு மேலே பட்டதா இல்லையா என்று சந்தேகமே வந்துவிட்டால் நான் கொடியை வீசிவிடுவேன். எங்கள் பயிற்சியிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்: மற்றதிலெல்லாம் சந்தேகம் வந்தால் விட்டுவிடு, பையன் உடம்பு என்றால் விடாதே.

அதோடு ஒட்டிய இன்னொரு கடமையும் உண்டு. இடிபட்டவன் எழுந்து தடுமாறினாலோ, கேள்விக்கு விழித்தாலோ, அவனை உடனே வெளியே அனுப்ப வேண்டும் என்று 2010 முதல் பள்ளி விதியே நடுவருக்குக் கட்டளையிடுகிறது. மருத்துவர் நாங்கள் இல்லை, என்ன காயம் என்று சொல்லவேண்டியதும் இல்லை. ஆனால் அறிகுறி தெரிந்தால் அவன் உள்ளே நிற்கக் கூடாது. ‘எனக்கு ஒன்றுமில்லை சார்’ என்று எல்லாப் பையனும் சொல்வான். எந்த அணியில் இருக்கிறோம் என்பதே தெரியாதவனும் அதைத்தான் சொல்வான்.

வெளியேற்றம் பற்றிக் கேட்பார்கள். உடல் மோதல் குற்றமும் நடத்தைக் குற்றமும் இரண்டு தனிக் கணக்கு. திட்டுவது, கேலி செய்வது, பந்தை எதிராளி முகத்தருகே சுழற்றுவது எல்லாம் உடல் படாத நடத்தைக் குற்றம். ஒரே ஆள் இரண்டு செய்தால் வெளியே. தாமதமாக இடிப்பது போன்ற உடல் மோதலுக்கு அந்த இரண்டு என்ற கணக்கு கிடையாது. ஒன்றே போதும், அது எதிராளியைக் கடும் காயத்தின் விளிம்பில் நிறுத்துமளவு கொடூரமாக இருந்தால். அப்படி இல்லையென்றால் மூன்று தடவை செய்தாலும் விதிப்படி உள்ளே இருக்கலாம், கோச்தான் உட்காரவைக்க வேண்டும். விளைவும் வேறு வேறு: டச்டவுனுக்கு ஓடும்போதே எதிராளியைப் பார்த்து விரலை ஆட்டினால் டச்டவுன் நிற்கும், தண்டனை டச்டவுனுக்குப் பிந்தைய கூடுதல் புள்ளி முயற்சியிலோ அடுத்த தொடக்க உதையிலோ வரும். அதே ஓட்டத்தில் பின்னால் ஒருவன் தோளால் இடித்தால், மேலே சொன்னேனே, எல்லாம் போச்சு. வெளியேற்றப்படும் பையனுக்கு மாநில அமைப்பின் தடை வேறு தனியாக வரும் என்பதால், ஒருவனை வெளியே அனுப்பும்முன் நாங்கள் கூடிப் பேசாமல் முடிவெடுப்பதில்லை. பார்த்தவர் இரண்டு பேராக இருந்தால் மனசு லேசு.

கொடியே வேண்டாத இரவுகள் அமைவது பெரும்பாலும் வாயால்தான். விசில் ஊதியதும் “விடு, விடு, விடு” என்று சொல்லிக்கொண்டே குவியலுக்குள் நடக்க வேண்டும். அந்தக் குரலே பலரை நிறுத்திவிடும். வேகத்தைக் குறைத்து எதிராளியைத் தாங்கியவனிடம் “நன்றி, 22” என்று சொல்லுங்கள்; எண்ணைச் சொல்லிப் பாராட்டினால் அவன் அன்று முழுவதும் உங்கள் பக்கம். ஆட்டம் முழுக்க ஒருவரையொருவர் உரசிக்கொள்ளும் ஒரு ஜோடி எப்போதும் இருக்கும். இரண்டாம் கால்பகுதிக்குள் அதைக் கண்டுபிடித்து, அணித் தலைவனிடம், “உன் 71 கொஞ்சம் சூடாக இருக்கிறான், நீயே பேசு, நான் பேசினால் 15 யார்டு ஆகும்” என்று சொன்னால் காரியம் நடக்கும். பெரியவர் திட்டுவதைவிட சீனியர் பையன் முறைப்பது பலமடங்கு வேலை செய்கிறது.

ஒரு எச்சரிக்கை. பேச்சு முதல் உரசலுக்குத்தான். முழங்கையைத் தொண்டைக்கு நேராகக் கொண்டுபோகிறவனிடம் போய் ‘தம்பி, பார்த்து’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், எதிரணி தன் நியாயத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். ஸ்கோர் 40க்கு 6 என்று போய், நான்காம் கால்பகுதியில் இரண்டாம் நிலை ஆட்டக்காரர்கள் உள்ளே வந்தபிறகு இது அதிகம். பதினான்கு வயது ஒல்லிப் பையன் ஒருபக்கம், தாடி முளைத்த பதினெட்டு வயதுக்காரன் மறுபக்கம். நடுவர்களும் களைத்து வீட்டுக்குப் போகும் நினைப்பில் இருப்பார்கள். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான் கண்ணை அகலமாகத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

சேர விருப்பமிருப்பவர்களுக்கு: இங்கே எல்லா ஊரிலும் நடுவர் பற்றாக்குறை இருக்கிறது, உங்களை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். நீங்கள் இந்த ஆட்டத்தை ஆடியதில்லை என்பதும் தடையில்லை. உள்ளூர் சங்கத்தின் வகுப்புகள் கோடையில் தொடங்கிவிடும், ஆகஸ்டில் ஆட்டம். விதிப்புத்தகத்தோடு அதே அமைப்பு வெளியிடும் கேஸ் புக்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி நடந்தால் இந்தத் தீர்ப்பு என்று உதாரணம் உதாரணமாகப் போட்டிருப்பார்கள், ஒன்பதாம் விதி அங்கேதான் புரியும். முதல் சில மாதங்கள் நடுநிலைப் பள்ளி ஆட்டங்களையும் வியாழக்கிழமை இரண்டாம் நிலை அணி ஆட்டங்களையும்தான் தருவார்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சின்னப் பையன்கள் மெதுவாக ஓடுவதால், நான் சொன்ன அந்தக் கூடுதல் எட்டு அங்கே நன்றாகவே கண்ணுக்குத் தெரியும். பக்கக் கோட்டில் கத்தும் பெற்றோரைப் பொறுத்தவரை, அங்கே அவர்கள் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நிற்பார்கள், அவ்வளவுதான்.